புகழ்பெற்ற வீட்டில் ஒரு தனிமைச் சிறுமி

பிரிக்பீல்ட்ஸில் மாலை நேர டியூஷன் வகுப்பு நடத்துகிறேன். நடிகர் வீட்டிலோ அமைச்சர் வீட்டிலோ பிறந்திருந்தால் வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும். அவர்களுக்கு நான் சொல்வது இந்திரா காந்தியின் கதை.

1917 நவம்பர் 19-ஆம் நாள் அலகாபாத்தில் இந்திரா பிறந்தார். தாத்தா மோதிலால் நேரு பெயர்பெற்ற வழக்கறிஞர். தந்தை ஜவஹர்லால் நேரு, தாய் கமலா. வசதிக்குக் குறைவில்லை. ஆனால், வீட்டில் பெரியவர்கள் இருந்த நாள்கள்தான் குறைவு.

1921-இல் தந்தையும் தாத்தாவும் ஒரே நாளில் கைதானார்கள். 4 வயதுச் சிறுமி நீதிமன்றத்தில் தாத்தாவின் மடியில் அமர்ந்து விசாரணையைப் பார்த்தாள். அபராதம் கட்ட மறுத்ததால் போலீசார் வந்து வீட்டுச் சாமான்களைத் தூக்கிச் சென்றனர். பின்னர் தாயும் சிறை சென்றார். நேரு மட்டும் மொத்தம் ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

12 வயதில் இந்திரா சும்மா இருக்கவில்லை. விடுதலைப் போராட்டத்துக்கு உதவ, சிறுவர்களைத் திரட்டி வானர சேனை அமைத்தார். அவர்கள் கொடி தைத்தார்கள், செய்தி கொண்டு சென்றார்கள்.

மகளுக்கு நேரம் ஒதுக்க முடியாத தந்தை, கடிதம் எழுதினார். இந்திராவுக்கு 10 வயதானபோது, பூமி தோன்றிய கதையிலிருந்து தொடங்கினார். 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தே, உலக வரலாறு முழுவதையும் ஏறக்குறைய 200 கடிதங்களாக மகளுக்கு எழுதினார். அவை இன்று புகழ்பெற்ற நூல்கள்.

கமலா காசநோயால் 1936-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். அப்போது இந்திராவுக்கு 18 வயது. மறு ஆண்டு நேரு மலாயாவுக்கு வந்தபோது மகளையும் அழைத்து வந்தார். நம் தாத்தா பாட்டிமார் காலத்து மலாயாவை அந்த 19 வயதுப் பெண் கண்டார். பிறகு ஆக்ஸ்போர்டில் சேர்ந்தும், உடல்நலக் குறைவால் பட்டம் பெறாமலே திரும்பினார்.

1966-இல் அவர் இந்தியப் பிரதமரானார். நேருவின் மகள் என்பது கதவைத் திறந்தது உண்மை. சொன்னபடி கேட்பார் என்று நினைத்த மூத்த தலைவர்களை மீறித் தன் வழியில் நடந்தது அவரே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1975-இல் அவர் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தார். அரசில் எந்தப் பதவியும் இல்லாத இளைய மகன் சஞ்சய், அம்மாவின் பெயரால் அதிகாரம் செலுத்தினார். 1977 தேர்தலில் மக்கள் இருவரையுமே தோற்கடித்தார்கள். 1980-இல் இந்திரா மீண்டும் பிரதமரானார். அதே ஆண்டு சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா தம் மெய்க்காவலர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாணவர்களே, பெற்றோரின் புகழ் இந்திராவுக்கு வாய்ப்பைத் தந்தது. சிறு வயதில் அவர்களின் அருகாமையைப் பறித்தது. அவரை வளர்த்ததில் அந்தக் கடிதங்களுக்குப் பெரும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வரும் அப்பாவிடமும் சொல்வதற்கு ஓர் உலகம் இருக்கும். இந்த வாரம் கைத்தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் வளர்ந்த கதையைக் கேட்டுப் பாருங்கள்.