மாத்திரை டப்பாவில் இருக்கும் சுப்பாராவ்

உங்கள் வீட்டில் முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கும் பெரியவர் யாராவது இருந்தால், அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் என்று ஒன்று இருக்கலாம். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுவது. கூடவே ஃபோலிக் ஆசிட் இருக்கும். (முதல் மாத்திரையை மறதியில் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.) இந்த இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில் உருவானவை. அதற்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையில் டாக்டருக்குப் படித்த யெல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அதே நோய் இவரையும் பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி காப்பாற்றினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதை வெள்ளைக்காரப் பேராசிரியர் ரசிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1922-ல் மாமனாரின் உதவியோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை.

அங்கே ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தசைகளுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆராய்ந்தார். ஆனாலும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

நம் பெருந்துறை சானடோரியம் காலத்து ஆட்களுக்குத் தெரியும், காசநோய்க்கு அன்று நல்ல காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அப்படிச் சொல்லக்கூட எதுவும் இல்லை.

லெடர்லியில் சுப்பாராவ் குழு, கீரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது. பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர் சிட்னி ஃபார்பர், அந்த வகை மருந்தைக் கொடுத்தால் ரத்தப் புற்றுநோய் இன்னும் வேகமாக வளர்வதைக் கவனித்தார். அப்படியானால் புற்று செல்லுக்கு அதுதான் தீனி. அதைத் தடுக்க வேண்டும்.

சுப்பாராவ் குழு போலிச் சாவி ஒன்றைச் செய்தது. பார்க்க ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும். பூட்டுக்குள் போகும், ஆனால் திறக்காது. நிஜச் சாவியையும் உள்ளே விடாது. செல் பெருக முடியாமல் நின்றுவிடும். அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் திரும்பி வந்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மருந்துக்கு அந்த நோய் பின்வாங்கும் என்பதே அன்றைக்குப் புதுச் செய்தி. அதன் அடுத்த வடிவம்தான் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் அரசு கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் இவர் குழுவின் வேலையே.

ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. ஆகஸ்டில், தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்துபோனார். படிப்பு முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவரை, மனைவி சேஷகிரி அதன் பிறகு பார்க்கவே இல்லை.