ஐஸ்க்ரீம் உருகியது... அவுட்போர்டு பிறந்தது!

முட்டுக்காடு ஸ்பீடு போட், கோவளம் கரையில் நிற்கும் ஃபைபர் படகு... இதுக்கெல்லாம் பின்னாடி தொங்குற மோட்டாரைக் கவனிச்சிருக்கீங்களா? அதுதான் அவுட்போர்டு. அதை ஊரெல்லாம் வாங்கும் பொருளாக்கியவர் ஓலே எவின்ரூட்.

1877-ல் நார்வேயில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா போனவர். பட்டறைகளில் வேலை பார்த்தபடியே இன்ஜினீயரிங்கைத் தானே படித்தார். ஒரு வெயில் நாளில், பெஸ் கேட்ட ஐஸ்க்ரீமுக்காக ஏரியில் துடுப்பு போட்டுப் போனார், திரும்புவதற்குள் உருகிடுச்சாம்! 1909-ல் அவரது ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் விற்பனைக்கு வந்தது. கணக்கு, விளம்பரம் எல்லாம் மனைவி பெஸ் பொறுப்பு.

பெஸ்ஸுக்கு உடம்பு முடியாமல் போக, கம்பெனியையே விற்றார் ஓலே. ஆனா, கை சும்மா இருக்குமா? அலுமினியத்தில் எடை குறைந்த இரட்டை சிலிண்டர் மோட்டார் செய்தார். கம்பெனியை வாங்கியவர் வேண்டாம் என்றுவிட, 'எல்டோ' என்ற பெயரில் தானே இறங்கினார். தன் பெயர் தாங்கிய கம்பெனிக்கே போட்டி! 1929-ல் இரண்டும் இணைந்தன. 1933-ல் பெஸ்ஸும், அடுத்த ஆண்டு ஓலேவும் மறைந்தார்கள்.

நாளைக்கே நீங்க படகு வாங்கினா, ஓலே வழியைப் பிடிங்க: முதல்ல எடையைக் குறைங்க, அப்புறம் குதிரைத்திறனை ஏத்துங்க. கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணியில மோட்டாரை அலசிடுங்க. உப்பு எந்த பிராண்டையும் விடாது!