நிழலைக் கண்டு தீர்ப்பளிக்காதவர்

சென்ற ஆண்டு என் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழுந்தது. விடுதித் தோழர்கள் காணாதபடி துண்டால் மூடித் திரிந்தேன். கடைசியில் திருப்பதியில் ஒரு மருத்துவரிடம் சென்றபோது, நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கழுத்தில் உள்ளவை போலவே நுரையீரலின் வேரிலும் நிணநீர்க் கணுக்கள் உண்டு. அவையும் வீங்கியுள்ளனவா என்பதைப் படம் காட்டுமாம். என் படத்தில் அங்கே நிழல் தடித்திருந்தது. காசநோய்தான், படிப்பு போயிற்று என்று நானே முடிவு கட்டினேன். மருத்துவரோ, காசநோயிலும் புற்றிலும் வேறு சில நோய்களிலும் இந்நிழல் ஒன்றுபோல் தோன்றும் என்று சொல்லிக் கழுத்துக் கணுவில் ஊசியிட்டுச் சோதித்தார். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட்-மோலரின் வரலாற்றைப் படித்தேன்.

அவர் டென்மார்க் நாட்டவர். மிஷன் மருத்துவராகத் தென்னாடு வந்தவர். அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, பல மிஷன்கள் ஒன்றுகூடி 1915-இல் ஒரு காசநோய் மருத்துவமனையைத் திறந்தன. அதன் முதல் தலைவர் அவரே. அவ்விடமே ஆரோக்கியவரம். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அன்று இல்லை. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு இவற்றை நம்பியே நோயாளிகளைப் பேணினார். 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் மருத்துவ ஆணையராகவும் பணியாற்றினார்.

அவர் வாழ்வில் என்னைக் கவர்ந்தது ஒரு நிகழ்ச்சி. காசநோயாளிகள் என்று அனுப்பப்பட்ட சிலரின் எக்ஸ்ரே படங்களில் நுரையீரல் முழுதும் தினை தூவியதுபோல் புள்ளிகள். கொடிய காசநோயின் அடையாளம் அது. ஆனால் அவர்கள் உடல்நிலை அவ்வளவு மோசமாக இல்லை. சளியில் கிருமியும் இல்லை. இரத்தத்தைச் சோதித்தால் ஈயோசினோபில் என்னும் அணுக்கள் மிகுந்திருந்தன. இது காசநோய் போல் தோன்றும் வேறொரு நோய் என்று, பார்ட்டன் என்பவரோடு சேர்ந்து 1940-இல் எழுதினார். யானைக்கால் நோய் தரும் புழுக்களே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. கால் நூற்றாண்டுக் காலம் காசநோயையே பார்த்துப் பழகிய கண், அதையே எங்கும் காணாமல் தப்பியதே! அதுவன்றோ பெருமை!

என் சோதனையில் காசநோய் என்றே முடிவு வந்தது. ஆனால் இப்போது மருந்து உண்டு. ஆறு மாதம் விடாது உண்டேன், கட்டி கரைந்தது, படிப்பும் போகவில்லை.

நண்பர்களே, கழுத்தில் கட்டி கண்டால் துண்டைத் தேடாதீர்கள், மருத்துவரைத் தேடுங்கள். படத்தில் நிழல் கண்டாலும் கலங்காதீர்கள். நிழல் எழுப்புவது கேள்வியே. விடை சோதனையில் இருக்கிறது.