அம்மா ஜெபித்தும் பொன்னம்மாள் பிழைக்கவில்லை



பிறருக்காக மன்றாடுகிற ஊழியத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். திறப்பிலே நிற்க ஒரு மனுஷனைத் தேடுகிற தேவனைப் பற்றி (எசே. 22:30) பிரசங்கம் பண்ணாத ஊழியக்காரன் இல்லை. உபவாசக் கூட்டம் வந்தால் ஜெபக் குறிப்புச் சீட்டு குவிந்து விடுகிறது. கடலுக்குப் போன வள்ளம் கரை திரும்பவில்லை என்றால் ராத்திரி முழுக்க முழங்காலில் நிற்கிற ஜனங்கள் நாம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் சபையில் சத்தமாய்க் கேட்கிறதில்லை. இத்தனை பேர் ஜெபிச்சோமே, ஏன் நடக்கல?

சில வருஷங்களுக்கு முன் நம்முடைய பகுதியில் ஒரு சகோதரியின் கணவர் வியாதிப்பட்டுக் கிடந்தார். சபையாய் மூன்று வாரம் உபவாசித்தோம். எண்ணெய் பூசி ஜெபித்தோம். அவர் மரித்துப் போனார். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் நாள் ஆறுதல் சொல்லப் போன நான், வீட்டில் எங்கேயோ ஒரு அவிசுவாசம் இருந்திருக்கிறது என்று அந்தச் சகோதரியிடம் சொல்லிவிட்டேன். சொன்னபோது அது எனக்கு ஆவிக்குரிய வார்த்தையாகத்தான் தோன்றிற்று. அந்தச் சகோதரி பதில் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் ஐந்து மாதம் சபைக்கு வரவும் இல்லை. அந்த நாட்களில்தான் டோனாவூர் அம்மாவின் வாழ்க்கை வரலாறு என் கைக்கு வந்தது. கர்த்தர் என்னோடு பேசினார். அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

நீலக் கண் கேட்ட பிள்ளை

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி அயர்லாந்து தேசத்தின் வடபகுதியில் மில்ஐல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். நம்மைப் போலவே கடல் காற்றில் வளர்ந்த பிள்ளை. மூன்று வயதில் ஒரு நாள் ராத்திரி, தன் பழுப்புக் கண்களை நீலக் கண்களாக மாற்றும்படி ஆண்டவரிடம் கேட்டுவிட்டுப் படுத்ததாம். காலையில் எழுந்து கண்ணாடிக்கு ஓடிப் பார்த்தால் அதே பழுப்புக் கண். குழந்தை திகைத்துப் போயிற்று. இல்லை என்பதும் தேவன் தருகிற ஒரு பதில்தான் என்று அன்றைக்கே அந்தச் சிறு மனதில் பதிந்தது. பிற்காலத்தில் சேலை உடுத்தி, முகத்துக்கு நிறம் பூசி, நம்முடைய பெண்களில் ஒருத்தியைப் போல் வெளியே போக வேண்டியிருந்த நாட்களில், அந்தப் பழுப்புக் கண்கள் எதற்கு என்று புரிந்தது.

இந்தச் சம்பவத்தை நாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்து, சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். கண் நிறத்துக்கு இல்லை என்று சொல்லப்பட்டால் சிரிக்கலாம். உயிருக்கு இல்லை என்று சொல்லப்பட்டால்? அந்த இடத்துக்கும் அம்மா வந்தார்கள்.

ஜெபித்தவள் எழுந்து போனாள்

பெல்பாஸ்ட் நகரத்தில் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் நடுவே ஊழியம் செய்து, 1893-ல் ஜப்பானுக்குப் போய், சரீர பலவீனத்தால் அங்கே நிலைக்க முடியாமல், 1895-ம் வருஷம் நவம்பரில் அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார். பின்பு தாய்நாட்டுக்கு ஒரு தரம்கூடத் திரும்பிப் போகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் ஐயர் குடும்பத்தோடு தங்கி, தமிழ் படித்து, சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொன்னார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திதான் பொன்னம்மாள். இளவயதில் விதவையானவள். தன் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவள்.

1901-ம் வருஷம் மார்ச் மாதம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பெருங்குளத்திலிருந்து, கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பித்து வந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். அதற்கு முன்பு ஒரு தரம் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக அந்தப் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். பண்ணைவிளையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து அவள் சொன்னவைகளைக் கேட்டபின் அம்மாவால் தூங்க முடியவில்லை.

தேவ பிள்ளைகளே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம் என்று ஜெபக் குறிப்பில் எழுதிவிட்டு அம்மா நின்றுவிடவில்லை. எழுந்து போனார்கள். விசாரித்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். ஆள் கடத்தல் வழக்கு வரும் என்ற பயமுறுத்தலையும், கோர்ட்டு அலைச்சலையும் சகித்தார்கள். சில பிள்ளைகள் கைக்கு எட்டாமலே போனதற்காக அழுதார்கள். 1913-க்குள் டோனாவூரில் ஏராளமான பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பணத்துக்காக மனுஷரிடம் கையேந்துகிறதில்லை, ஆண்டவரிடம் மாத்திரமே கேட்கிறது என்பது அந்த வீட்டின் ஒழுங்கு. இத்தனை ஜெபித்தவர்கள் இத்தனை உழைக்கவும் செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் வெளியிலிருந்து பல வருஷம் போராடி, 1947-ல் மதராஸ் மாகாணத்தில் பெண் பிள்ளைகளைக் கோவிலுக்கு ஒப்புக்கொடுப்பதைத் தடுக்கிற சட்டம் வந்தது. பிரீனா வந்து 46 வருஷம் கழித்து! அதைக் காண அம்மா உயிரோடிருந்தார்கள்.

பொன்னம்மாளின் படுக்கை

குழந்தைகள் வந்தது பொன்னம்மாளின் கைக்கு. நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு வீடு எடுத்து, அதன் முழுப் பொறுப்பையும் அவள் ஏற்றாள். ராப்பகலாய்ப் பால் கொடுத்து, துணி துவைத்து வளர்த்தாள். ஒரு சமயம் வயிற்றுக்கடுப்பு பரவி, ஜெபத்தோடு வளர்த்த குழந்தைகள் பலவற்றை அடுத்தடுத்து மண்ணில் வைக்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு வலது கை யார் என்று கேட்டால் பொன்னம்மாள்தான்.

1912 ஆகஸ்டில் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்தில் திடீரென்று மரித்தார். 1913 ஜூலையில் அம்மாவைப் பெற்ற தாய் மரித்தார்கள். அந்தக் காலத்திலேயே பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மா கூடவே இருந்து கவனித்தார்கள். ஆனாலும் நோய் திரும்பி வந்தது.

அப்பொழுது தெய்வீக சுகத்தில் உறுதியான விசுவாசமுள்ள ஒரு ஜெப மனிதர் டோனாவூருக்கு வந்தார். எல்லாரும் கூடினார்கள். பொன்னம்மாளின் படுக்கையின்மேல் வெற்றிக்கு அடையாளமாக ஒரு குருத்தோலையை வைத்தார்கள். யாக்கோபு நிருபத்தில் சொல்லியிருக்கிறபடி ஜெபித்தார்கள். அங்கே விசுவாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த வீட்டில் பாவம் இருந்தது என்று யார் சொல்ல முடியும்?

அன்றைக்கே பொன்னம்மாளின் நிலைமை மோசமாயிற்று. வேதனை கூடினது. 1915-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் நான் போய் உட்கார்ந்த அந்த வீட்டுத் திண்ணை என் கண்முன் வந்தது. டோனாவூரில் அன்றைக்கு நான் இருந்திருந்தால், அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பேன்? வீட்டில் எங்கேயோ அவிசுவாசம் என்று அவர்களிடமும் சொல்லியிருப்பேனா?

அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெபத்தை விட்டுவிடவில்லை. தேவன் பொய்யர் என்று சொல்லவில்லை. பொன்னம்மாளுக்கு விசுவாசம் போதவில்லை என்றும் சொல்லவில்லை. அவளுடைய சரித்திரத்தை ஒரு சிறு புத்தகமாக எழுதி வைத்தார்கள். பின்னாட்களில் டோனாவூரிலேயே ஒரு ஆஸ்பத்திரி எழும்பிற்று. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதி என்று அந்த வீட்டில் நினைக்கப்படவில்லை.

களக்காட்டுக் குழி

1931-ம் வருஷம் அக்டோபர் 24. தன்னுடைய பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாய் ஊழியம் செய்யத் தன்னை எப்படியாகிலும் தகுதிப்படுத்தும்படி அன்று காலையில் அம்மா ஜெபித்திருந்தார்கள். சாயங்காலம் களக்காட்டில் வைத்திய ஊழியத்துக்கென்று எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார்கள். மங்கின வெளிச்சத்தில், புதிதாய்த் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்து கால் முறிந்தது. கணுக்கால் பிசகிற்று.

கொஞ்ச நாளில் எழுந்து நடப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டோனாவூர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் அம்மாவுக்காக ஜெபித்தார்கள். ஜெபத்திலே வளர்ந்த பிள்ளைகள்! ஆனாலும் பழைய சுகம் திரும்பவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த ஒரே அறைதான். 1948-ல் அந்த அறையிலேயே மறுபடி விழுந்து, அதற்குப்பின் படுக்கையை விட்டு எழும்பவே இல்லை. 1951 ஜனவரி 18-ல் எஜமானிடம் போய்ச் சேர்ந்தார்கள். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் அம்மா என்று மாத்திரம் எழுதினார்கள்.

அந்த அறையிலிருந்து எத்தனையோ புத்தகங்கள் வெளிவந்தன. உலகமெங்கும் வியாதிப்படுக்கையில் கிடந்தவர்கள் அவைகளை வாசித்து ஆறுதல் அடைந்தார்கள். நடந்து திரிந்த அம்மாவால் அவர்கள் கட்டிலருகே போயிருக்க முடியுமா? ஆனாலும் இதை வைத்து, ஒவ்வொரு வேதனைக்கும் ஒரு காரணம் நமக்குத் தெரியும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பொன்னம்மாள் ஏன் போனாள் என்று அம்மாவுக்கே முழுக்கத் தெரியவில்லை.

எல்லை எங்கே?

அம்மா நம்முடைய பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனால் வேதம் நம் எல்லாருக்கும் ஒன்றுதானே. வேதத்தை எடுத்துப் பாருங்கள்.

தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் தரையிலே கிடந்தான். பிள்ளை மரித்தது (2 சாமு. 12). பவுலுடைய சரீரத்திலிருந்து துணிகள் கொண்டுபோய்ப் போட்டால் வியாதிகள் நீங்கின. அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்தான் (2 தீமோ. 4:20). தன் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டினான், முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. அப்போஸ்தலர் 12-ம் அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்தான். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டான். பேதுருவைச் சபை அதிகமாய் நேசித்தது என்றா அர்த்தம்? ஆகையால் நம்முடைய ஜெபம் தேவனுடைய சித்தத்துக்கு மேலே ஏறி உட்கார முடியாது. இது முதலாவது எல்லை.

இரண்டாவது, மற்றவனுடைய மனதுக்குள் நாம் புகுந்து அவனுக்குப் பதிலாக மனந்திரும்ப முடியாது. சவுலுக்காகச் சாமுவேல் துக்கித்துக்கொண்டே இருந்தான். சவுல் திரும்பவில்லை. நோவா, தானியேல், யோபு இருந்தாலும் தங்கள் ஆத்துமாவை மாத்திரமே தப்புவிப்பார்கள் என்று எசேக்கியேல் 14-ல் இருக்கிறது. குடிக்கிற மகனுக்காக அழுகிற தாய்மாரே, நீங்கள் ஜெபியுங்கள், விடாதிருங்கள். ஆனால் அவன் எடுக்க வேண்டிய தீர்மானத்தை நீங்கள் எடுக்கவில்லையே என்று உங்களையே குற்றப்படுத்திச் சாகாதிருங்கள்.

மூன்றாவது, நம்முடைய கையில் செய்யக் கூடியதை வைத்துக்கொண்டு ஜெபம் மாத்திரம் பண்ணுகிறது ஜெபமல்ல, சாக்கு. பசித்தவனுக்குச் சோறு போடாமல் சமாதானத்தோடே போ என்று சொல்லுகிறதைப் பற்றி யாக்கோபு 2-ல் வாசிக்கிறோம். அம்மா பிரீனாவுக்காக முழங்காலில் நின்றார்கள், பிரீனாவை மடியிலும் வைத்திருந்தார்கள். வியாதியஸ்தரிடம் ஊழியக்காரர் போகும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகாதே, மாத்திரையை நிறுத்து என்று ஒருக்காலும் சொல்ல வேண்டாம். ஜெபியுங்கள். அப்புறம் ராமநாதபுரத்துக்குப் போக ஒரு வண்டி பிடித்துக் கொடுங்கள்.

அப்படியானால் ஜெபிக்கிறதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறார். இந்தக் கடற்கரையிலேயே நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம், அதை மறுக்க என்னால் முடியாது. எல்லாருக்காகவும் விண்ணப்பம் பண்ணும்படி நமக்குக் கட்டளையும் இருக்கிறது (1 தீமோ. 2:1). எல்லை நமக்குத்தான். நமக்காகப் பிதாவின் வலதுபாரிசத்தில் பரிந்து பேசுகிற ஒருவர் எப்போதும் உயிரோடிருக்கிறாரே (எபி. 7:25), அவருடைய மன்றாட்டு வீணாய்ப் போகிறதே இல்லை. நம்முடைய ஜெபம் முடிகிற இடத்தில் அவருடைய ஜெபம் முடிகிறதில்லை. பொன்னம்மாளின் படுக்கையில் குருத்தோலை வாடிற்று. அவளைப் பிடித்திருந்த கரம் தளரவில்லை.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். நான் சொன்னது தப்பு, என்னை மன்னியுங்கள் அக்கா என்று கேட்டேன். அவர்கள் வெகுநேரம் அழுதார்கள். பிறகு, அவர் கஷ்டப்பட்ட அந்த மூன்று வாரமும் வீட்டில் ஆள் இல்லாமல் ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை பாஸ்டர், சபையார் யாராவது கூட இருந்தார்கள், அதை நான் மறக்கவில்லை என்று சொன்னார்கள். சுகத்துக்காக நாம் ஜெபித்தோம். கர்த்தர் அந்த வீட்டுக்கு வேறொன்றையும் கொடுத்திருக்கிறார், எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனைக்கு வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் பக்கத்து வீட்டில் ஜெபம் கேட்கப்படாத ஒரு குடும்பம் இருக்கலாம். அவர்களிடம் காரணம் சொல்லப் போகாதிருங்கள். போய்க் கூட உட்காருங்கள். ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். மறுபடியும் ஜெபியுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் கேட்கிறதும் இன்னதென்று அறியாதவர்கள். எங்கள் ஜெபம் கேட்கப்படாத நாளிலும் உம்மை விட்டுப் போகாத கிருபையைத் தாரும். துக்கப்படுகிறவர்களை எங்கள் வாயின் வார்த்தையால் காயப்படுத்தாதபடி எங்களைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
சபை ஊழியன், வாலிநோக்கம்