ஒட்டோ வொன் பிஸ்மார்க் (1815 – 1898)

மாணவர்களே, ஜேர்மனிய ஐக்கியம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களிற் பலர் 1864, 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் ஆரம்பித்த மூன்று போர்களையும் வரிசையாக எழுதி, இவை யாவும் பிஸ்மார்க் முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி நடந்தன என்று முடித்துவிடுகிறீர்கள். ஆண்டுகள் சரியாக இருந்தாலும் அவ்விடையில் பிஸ்மார்க்கைக் காணமுடியாது. சந்தர்ப்பம் வரும்வரை காத்திருக்கவும், வெற்றி கிடைத்ததும் எவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது என்று அறியவும் வல்லவராக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஒருமுறை நிறுத்தவில்லை. அதன் விளைவைத் தம் எஞ்சிய பதவிக்காலம் முழுவதும் சுமந்தார். இவ்வாழ்க்கை வரலாற்றை அந்த நோக்கிலேயே படியுங்கள்.

பிஸ்மார்க் 1815 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் திகதி பிரஷ்யாவிலுள்ள ஷோன்ஹவுசன் என்னுமிடத்தில் பிறந்தார். வியன்னா மாநாடு ஜேர்மனியை ஒஸ்ரியாவின் தலைமையில், 39 அரசுகளைக் கொண்ட ஒரு தளர்ந்த கூட்டிணைப்பாக ஒழுங்கமைத்ததும் இதே ஆண்டிலாகும். தந்தை ஜங்கர் எனப்பட்ட நிலப்பிரபு வகுப்பைச் சேர்ந்தவர். தாயோ கற்றறிந்த அரச உத்தியோகத்தர் குடும்பத்தில் வந்தவர். கொட்டிங்கனிலும் பேர்லினிலும் சட்டம் பயின்ற காலத்தில் பாடங்களைவிட வாட்போட்டிகளிலேயே இவர் அதிக ஈடுபாடு காட்டினார். அரசாங்க உத்தியோகமும் இவருக்குப் பிடிக்கவில்லை. அதைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் பண்ணைகளைப் பராமரித்தார். 1847 இல் பிரஷ்ய சபையில் இடம்பெற்று, மறு ஆண்டில் எழுந்த புரட்சியைக் கடுமையாக எதிர்த்தார்.

1851 முதல் 1859 வரை பிராங்போட்டில் கூடிய கூட்டிணைப்புச் சபையில் இவர் பிரஷ்யாவின் பிரதிநிதியாக இருந்தார். ஒஸ்ரியாவுடன் ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணத்துடன் அங்கு சென்றவர், ஜேர்மனியில் ஒஸ்ரியாவும் பிரஷ்யாவும் சேர்ந்து தலைமை வகிக்க இயலாது என்ற முடிவுடனேயே திரும்பினார். பின்னர் ரஷ்யாவிலும், 1862 இல் சில மாதங்கள் பாரிசிலும் தூதுவராகப் பணியாற்றியமையால், தாம் பிற்காலத்தில் எதிர்கொள்ளவிருந்த மன்னர்களை நேரிலேயே அறிந்துகொண்டார்.

1862 இல் இவர் பிரதமரானமை ஐக்கியத்திற்காக அன்று என்பதைக் கவனியுங்கள். இராணுவச் சீர்திருத்தத்திற்கு நிதி வழங்கப் பாராளுமன்றம் மறுத்தது. முதலாம் வில்லியம் முடிதுறக்கவும் எண்ணினார். அந்நெருக்கடியைச் சமாளிக்கவே பிஸ்மார்க் அழைக்கப்பட்டார். வரவுசெலவுத் திட்டத்திற்கு அங்கீகாரம் கிடைக்காத நிலையிலும் 1866 வரை வரிகளை அறவிட்டு இராணுவத்தைப் பெருக்கினார். பாடநூலில் இரத்தமும் இரும்பும் எனக் குறிப்பிடப்படும் கொள்கையின் தொடக்கம் இதுவே. 1866 வெற்றிக்குப் பின்னர் அதே பாராளுமன்றம், நடந்தவற்றுக்குப் பிற்காலச் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் அளித்தது. தாராண்மைவாதிகள் தம் கொள்கையை வெற்றிக்கு விலையாகக் கொடுத்த இடம் இதுவாகும். பெரும்பாலான விடைகளில் இக்கருத்து விடுபட்டுப்போகிறது.

ஷ்லெஸ்விக்கைத் தன்னுடன் இணைக்க முயன்றது டென்மார்க். அச்சந்தர்ப்பத்தை பிஸ்மார்க் உருவாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார். 1864 இல் ஒஸ்ரியாவையும் கூட்டாளியாக்கி டென்மார்க்கை வென்றார். வென்ற இரு மாகாணங்களின் நிருவாகம் 1865 இல் பங்கிடப்பட்டு, ஷ்லெஸ்விக் பிரஷ்யாவிடமும் ஹொல்ஸ்டீன் ஒஸ்ரியாவிடமும் இருந்தன. இந்த ஏற்பாடே அடுத்த பிணக்குக்கு வித்திட்டது. வெனீசியாவைக் காட்டி இத்தாலியைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட பிஸ்மார்க், மூன்றாம் நெப்போலியன் நடுநிலை வகிப்பார் என்ற நம்பிக்கையையும் பெற்றிருந்தார். 1866 ஜூலை 3 ஆம் திகதி சடோவாவில் ஒஸ்ரியப் படை முறியடிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததைச் சற்று நிதானமாகப் படியுங்கள். வியன்னாவுக்கு வெற்றி ஊர்வலமாகச் செல்லவும் ஒஸ்ரியாவிடமிருந்து நிலம் பெறவும் மன்னரும் தளபதிகளும் விரும்பினர். பிஸ்மார்க் மறுத்தார். இன்று அவமானப்படுத்தப்படும் ஒஸ்ரியா நாளை பிரான்சுடன் சேரும் என்பது அவரது கணிப்பு. வழக்கமாக அவரை எதிர்த்துவந்த முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்கே இம்முறை அவருக்குத் துணைநின்று மன்னரை இணங்கச் செய்தார். இத்தாலிக்குச் சென்ற வெனீசியாவைத் தவிர ஒஸ்ரியா எந்த நிலத்தையும் இழக்கவில்லை. இதனைப் பெருந்தன்மை என்று எழுதிவிடாதீர்கள். ஒஸ்ரியாவின் பக்கம் நின்ற ஹனோவர் போன்ற வட ஜேர்மனிய அரசுகளை அதே ஆண்டில் பிரஷ்யா முற்றாக விழுங்கியது. எனினும் கணிப்புப் பொய்க்கவில்லை. 1870 இல் ஒஸ்ரியா பிரான்சுக்கு உதவவில்லை. 1879 இல் ஜேர்மனியின் நட்பு நாடாகவே ஆயிற்று.

1870 இல் ஸ்பானிய முடியுரிமைப் பிரச்சினை எழுந்தது. எம்ஸ் நகரிலிருந்து மன்னர் அனுப்பச் செய்த தந்தியை பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டார். அதில் பொய் எதனையும் அவர் சேர்க்கவில்லை. மரியாதையான பகுதிகள் நீக்கப்பட்டதும் இருதரப்பினருக்கும் அது அவமதிப்பாகத் தோன்றியது. ஜூலை 19 இல் பிரான்ஸ் போர்ப் பிரகடனம் செய்தது. செடானில் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தார். தென் ஜேர்மனிய அரசுகளும் இணைய, 1871 ஜனவரி 18 ஆம் திகதி வேர்செயில்ஸ் மாளிகையின் கண்ணாடி மண்டபத்தில் ஜேர்மனியப் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது.

அதே ஆண்டு மே மாதத்தில் பிராங்போட் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. 500 கோடி பிராங்கு நட்டஈட்டுடன் அல்சேசையும் லொறெயினின் ஒரு பகுதியையும் பிரான்ஸ் இழந்தது. நிலம் பறித்ததில் பிஸ்மார்க்கின் விருப்பம் எவ்வளவு, தளபதிகளின் வற்புறுத்தல் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் 1866 இல் மன்னரையே எதிர்த்து நின்றவர் 1871 இல் அவ்வாறு நிற்கவில்லை. பணத்தை பிரான்ஸ் 1873 இலேயே செலுத்தித் தீர்த்தது. நிலத்தை அது மறக்கவில்லை. 1919 ஜூன் 28 இல் அதே கண்ணாடி மண்டபத்தில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின் மூலம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பிஸ்மார்க்கின் பிற்கால வெளிநாட்டுக் கொள்கையை இனி நீங்கள் மனனம் செய்யவேண்டியதில்லை. 1873 இன் மூவரசர் கூட்டு, 1879 இன் இருநாட்டு உடன்பாடு, 1882 இன் முந்நாட்டு உடன்பாடு, 1887 இல் ரஷ்யாவுடன் செய்த இரகசிய உடன்படிக்கை ஆகிய அனைத்திலும் பிரான்சைத் தனிமைப்படுத்தும் நோக்கம் இருந்தது. உள்நாட்டில் கத்தோலிக்கத் திருச்சபையுடன் மோதிப் பின்வாங்கினார். சமவுடைமைவாதிகளை 1878 இல் சட்டத்தால் ஒடுக்கினார். தொழிலாளரைத் தம் பக்கம் ஈர்க்க 1883 இல் நோய்க் காப்புறுதியையும், 1884 இல் விபத்துக் காப்புறுதியையும், 1889 இல் முதுமைக் காப்புறுதியையும் கொண்டுவந்தார். காப்புறுதிகள் நிலைத்தன, ஒடுக்குமுறை பலிக்கவில்லை. 1890 தேர்தலில் மிகக்கூடிய வாக்குகளைப் பெற்றது சமூக சனநாயகக் கட்சியே.

1888 இல் 29 வயதான இரண்டாம் வில்லியம் கைசரானார். பிஸ்மார்க் உருவாக்கிய அரசியலமைப்பின்படி சான்சலர் கைசருக்கு மாத்திரமே பொறுப்புடையவர். பாராளுமன்றத்தால் அவரை நீக்க முடியாது. காப்பாற்றவும் முடியாது. 1890 மார்ச்சில் கைசர் விரும்பியபடி அவர் பதவி விலக நேர்ந்தது. ரஷ்யாவுடனான இரகசிய உடன்படிக்கை அவ்வாண்டிலேயே புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. 1894 அளவில் பிரான்சும் ரஷ்யாவும் நட்பு நாடுகளாகிவிட்டன. அதைக் கண்ட பின்னரே, 1898 ஜூலை 30 ஆம் திகதி, பிஸ்மார்க் காலமானார். அவருடைய விருப்பப்படி, முதலாம் வில்லியத்தின் விசுவாசமான ஊழியர் என்றே கல்லறையில் பொறிக்கப்பட்டது. தம்மை வெளியேற்றிய கைசரின் பெயர் அதில் இல்லை.