எஸ். பஞ்சரத்தினம்

எஸ். பஞ்சரத்தினம் (பெப்ரவரி 9, 1934 - மே 28, 1969) ஒளியின் முனைவாக்கம் குறித்த ஆய்வுகளுக்காக அறியப்படும் இந்திய இயற்பியலாளர் ஆவார். சர் சி. வி. இராமனின் சகோதரியின் மகனான இவர் கல்கத்தாவில் பிறந்தார். திரவப் படிக ஆய்வில் புகழ்பெற்ற எஸ். சந்திரசேகர் இவருடன் பிறந்தவர்.

ஆய்வுகள்

பெங்களூரில் உள்ள இராமன் ஆய்வுக் கழகத்தில் இவர் ஆய்வைத் தொடங்கினார். அயோலைட்டு போன்று ஒளியை உட்கவரும் படிகங்களில் முனைவாக்கிய ஒளி செல்லும் விதமே தொடக்க கால ஆய்வுப் பொருள்.

1955-இல், 21 வயதில், நிறச்சார்பற்ற அலைத்தட்டுகள் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். அலைத்தட்டு என்பது இரட்டை ஒளிவிலகல் உடைய மெல்லிய படிகத் தகடு. அது ஒளியின் இரு கூறுகளில் ஒன்றைச் சற்றுத் தாமதப்படுத்தும். தாமதத்தின் அளவு நிறத்துக்கு நிறம் மாறுவதால், பச்சைக்குச் செய்த தகடு சிவப்புக்குப் பிழையாகிவிடும். இதைத் தவிர்க்க இரு வேறு படிகங்களை இணைப்பது வழக்கமாக இருந்தது. பஞ்சரத்தினம் ஒரே பொருளாலான மூன்று தகடுகளே போதும் எனக் காட்டினார். கால் அலைத்தட்டுக்கான அமைப்பில் வெளித்தகடுகள் இரண்டின் அச்சுகளும் இணையாக இருக்க, நடுத்தகடு மட்டும் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பப்படுகிறது. ஒரு தகட்டின் பிழையை மற்றவை பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. தகடுகளை ஒட்டும்போது அந்தக் கோணம் பிசகினால் பயன் கெட்டுவிடும்.

இன்றைய ஒளியியல் கருவிகளில் இது முக்கியமானது. முனைவாக்கக் கற்றைப் பிரிப்பான் கனசதுரம் இரு செங்கோணப் பட்டகங்களை ஒட்டிச் செய்யப்படுகிறது. ஒட்டும் முகத்தில் பூசப்பட்ட பல மெல்லிய படலங்கள் ஒரு முனைவாக்கத்தை ஊடுருவவிட்டு மற்றதை 90 பாகை திருப்புகின்றன. எப்பக்கம் எவ்வளவு ஒளி செல்லும் என்பதை முன்னால் வைக்கும் அரை அலைத்தட்டு முடிவு செய்கிறது. கனசதுரம் பல நிறங்களுக்கு ஏற்றதாக இருந்தாலும், தட்டு ஒரு நிறத்துக்கு மட்டுமே சரியாக இருந்தால் பயனில்லை.

பஞ்சரத்தினக் கட்டம்

இவரது தலைசிறந்த பணி 1956-இல் வெளிவந்தது. வேறுபட்ட முனைவாக்கம் கொண்ட இரு கற்றைகள் ஒரே கட்டத்தில் உள்ளன என்று எப்போது கூறலாம்? அவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் ஒளிச்செறிவு பெருமமாக இருக்கும்போது என்று இவர் வரையறுத்தார். இதன்படி முதல் கற்றை இரண்டாவதுடனும், இரண்டாவது மூன்றாவதுடனும் ஒத்த கட்டத்தில் இருந்தாலும், முதலும் மூன்றாவதும் அவ்வாறு இருக்கவேண்டியதில்லை. எஞ்சும் கட்ட வேறுபாடு, புவன்காரே கோளத்தில் அம்மூன்று நிலைகளும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பில் பாதியாகும்.

கட்டுரை வெளியானது இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில். பஞ்சரத்தினம் பிறந்த அதே 1934-இல் இராமன் நிறுவிய கழகம் அது. வெளிநாடுகளில் இக்கட்டுரையைக் கவனித்தோர் மிகக் குறைவு.

பிற்காலம்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் சில காலம் பணியாற்றிய பின் ஆக்சுபோர்டு சென்றார். அங்கே ஒளிக்கும் அணுக்களுக்கும் இடையிலான வினைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது 35-ஆம் வயதில் காலமானார். இவரது ஆய்வுக் கட்டுரைகள் ஜி. டபிள்யூ. சீரீஸ் பதிப்பாசிரியராக இருந்து 1975-இல் நூலாக வெளிவந்தன.

1984-இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயக்கவியலில் வடிவியல் கட்டத்தை விளக்கினார். அதற்கும் பஞ்சரத்தினத்தின் பழைய முடிவுக்கும் உள்ள தொடர்பை 1986-இல் எஸ். இராமசேசன், ஆர். நித்தியானந்தா ஆகியோர் சுட்டிக்காட்டினர். 1987-இல் பெரியே பஞ்சரத்தினத்தின் முன்னுரிமையை ஏற்று விரிவாக எழுதினார். ஆசிரியர் மறைந்து அப்போது 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இக்கட்டம் இன்று பஞ்சரத்தினம்-பெரி கட்டம் எனப்படுகிறது. கண்ணாடியின் தடிப்பை மாற்றாமல், மூலக்கூறுகளின் திசையை இடத்துக்கு இடம் மாற்றியே ஒளியைக் குவிக்கும் தட்டை வில்லைகள் இதன் அடிப்படையில் இயங்குகின்றன. அவற்றில் பல, தமையன் சந்திரசேகரின் துறையான திரவப் படிகங்களால் செய்யப்படுபவை.