அன்னையர் தினம் கண்ட அன்னா ஜார்விஸ்

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நெருங்கினால் போதும், எங்கு பார்த்தாலும் அன்னையர் தின விளம்பரங்கள்தான். புடவைக் கடை, நகைக் கடை, கேக் கடை என்று எல்லோரும் தாயின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் இந்த நாளை ஏற்படுத்திய பெண்மணி, இதே வியாபாரத்தை எதிர்த்துப் போராடித் தம் கைப்பொருளையெல்லாம் இழந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் அன்னா ஜார்விஸ். திருமணம் செய்துகொள்ளாதவர்; பிள்ளைப்பேறு அறியாதவர்.

தாயார் செய்த தொண்டு

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெப்ஸ்டர் என்னும் சிற்றூரில் 1864-ம் ஆண்டு மே 1-ந் தேதி அன்னா பிறந்தார். தந்தை கிரான்வில் ஜார்விஸ் ஒரு வியாபாரி. தாயார் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். இந்த அம்மையார் பெற்ற பிள்ளைகள் பத்துக்கு மேல். பெரியவர்களாகி வாழ்ந்தவர்கள் நால்வரே. மற்றவர்களைச் சிறு வயதிலேயே நோய் கொண்டுபோயிற்று.

பெற்ற வயிற்றின் துயரத்தை அந்தத் தாய் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. 1858-ல் சுற்று வட்டார ஊர்களில் தாய்மார் சங்கங்களைத் தொடங்கினார். ஏழைகளுக்கு மருந்து வாங்கப் பணம் திரட்டினார்கள். குழந்தைகள் குடிக்கும் பால் நல்ல பால்தானா என்று பார்த்தார்கள். தாய் காசநோயில் படுத்த வீடுகளுக்கு வேலைக்கு ஆள் வைத்துக் கொடுத்தார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் பேதமின்றிப் பணிவிடை செய்தார்கள்.

தாய்மார்களின் உழைப்பை நினைவுகூர ஒரு நாள் வேண்டும், என்றாவது ஒருவர் அதை ஏற்படுத்துவார் என்று அம்மையார் ஒரு முறை ஞாயிறு பள்ளி வகுப்பில் பிரார்த்தனை செய்தாராம். சிறுமி அன்னா அதைக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார்.

பிழைப்புக்காக வெளியூர்

குடும்பம் கிராஃப்டன் என்னும் ரயில் ஜங்ஷன் ஊரில் குடியிருந்தது. படிப்பு முடிந்து அன்னா அங்கே சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தார். பிறகு ஊரை விட்டுப் புறப்பட்டார். சட்டனூகா நகரில் ஒரு பாங்கில் வேலை பார்த்தார். அதன்பின் பிலடெல்பியா சென்று ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து, விளம்பரப் பகுதியில் பெரிய பதவிக்கு உயர்ந்தார். பெண்கள் ஆபீசுக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

மகள் நகரத்தில், தாய் ஊரில். 1902-ல் தந்தை காலமான பிறகே தாயைத் தம்முடன் அழைத்து வைத்துக்கொள்ள அன்னாவுக்கு முடிந்தது. அந்தப் பாக்கியமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1905-ம் ஆண்டு மே 9-ந் தேதி தாயார் கண்ணை மூடினார்.

ஐந்நூறு வெள்ளைப் பூக்கள்

தாயின் பிரார்த்தனையை நிறைவேற்றுவதே அன்னாவுக்கு இனி வேலையாயிற்று. 1908-ம் ஆண்டு மே 10-ந் தேதி, தாயார் ஞாயிறு பள்ளி நடத்திய கிராஃப்டன் தேவாலயத்தில் முதல் அன்னையர் தின வழிபாடு நடந்தது. தாய்க்குப் பிடித்தமான வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் ஐந்நூறை அன்னா அனுப்பி வைத்தார். அதே நாளில் பிலடெல்பியாவில் நடந்த கூட்டத்தில் அவர் கலந்துகொண்டார்.

அதன் பிறகு கவர்னர்களுக்கும், சட்டசபை உறுப்பினர்களுக்கும், பத்திரிகை ஆசிரியர்களுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இதற்கென்று வேலையையும் விட்டார். 1910-ல் மேற்கு வர்ஜீனியா இந்த நாளை ஏற்றது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1914 மே மாதம் அமெரிக்கப் பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, ஜனாதிபதி உட்ரோ வில்சன் மே மாத இரண்டாவது ஞாயிறை அன்னையர் தினமாகப் பிரகடனம் செய்தார்.

தாய் இறந்த தேதியை ஒட்டி வரும் ஞாயிறு அது. வேலைக்குப் போகிறவர் லீவு கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகலாம், முடியாதவர் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதலாம். அன்னா விரும்பியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்த நாளின் பெயரை எழுதும்போதும், தாய்மார்கள் என்று பன்மையில் எழுதக் கூடாது, ஒருமையில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவரவர் தம்மைப் பெற்றவளை நினைக்கும் நாள் அது என்பது அவர் எண்ணம்.

தொடங்கியவரே எதிர்த்தார்

ஆனால் நடந்தது வேறு. மே மாதம் வந்தால் பூ விலை ஏறியது. வெள்ளைப் பூ கிடைக்காதபோது, தாய் உயிரோடிருப்பவர்கள் சிவப்புப் பூ அணியலாம் என்று பூக்கடைக்காரர்கள் புது வழக்கத்தைப் பரப்பினார்கள். மிட்டாய் கம்பெனிகளும் வாழ்த்து அட்டைக் கம்பெனிகளும் கூடவே நுழைந்தன.

அன்னாவுக்கு அடங்காத கோபம். யாரோ எழுதி அச்சடித்த வாழ்த்தை விலைக்கு வாங்கி அனுப்புகிற பிள்ளை, பெற்றவளுக்கு நாலு வரி எழுத அலுத்துக்கொள்ளும் சோம்பேறி என்பது அவர் கட்சி. விளம்பர வேலையிலேயே இருந்தவர் ஆதலால் வியாபாரிகளின் வழி அவருக்குப் புரிந்திருந்தது. 1923-ல் மிட்டாய் வியாபாரிகள் மாநாட்டுக்கே போய்க் கண்டித்தார். 1925-ல், போர்வீரர்களின் தாய்மார் சங்கம் நிதிக்காகக் கார்னேஷன் விற்ற மாநாட்டில் புகுந்து கலாட்டா செய்ததாகப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். வழக்கு பின்னர் தள்ளுபடியாயிற்று.

லாபம் தேடியவர்களையும், தரும காரியத்துக்கு நிதி திரட்டியவர்களையும் அவர் ஒரே தராசில் நிறுத்தினார். அவருடைய தாயாரே ஏழைகளின் மருந்துக்குப் பணம் திரட்டியவர்தான்; மகள் அதை எண்ணிப் பார்க்கவில்லை. தினத்தின் பெயருக்குத் தமக்கே உரிமை என்று வழக்கு மேல் வழக்குப் போட்டார். தம் பெயரை வைத்து அவர் ஒரு காசு சம்பாதிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைப்பணமும் குடும்பச் சொத்தும் வக்கீல்களுக்கும் தபால் செலவுக்கும் கரைந்தன. கடைசிக் காலத்தில், அன்னையர் தினத்தையே ரத்து செய்யும்படி கோரும் மனுவுக்குக் கையெழுத்து வாங்க அலைந்தார்.

கண்பார்வை மங்கி, கையில் காசில்லாத நிலையில் பென்சில்வேனியாவில் ஒரு சானடோரியத்தில் அவரைச் சேர்த்தார்கள். அந்தச் செலவில் பூ வியாபாரிகளும் ஒரு பங்கு கொடுத்ததாகச் சொல்வார்கள்; அவருக்கு அது தெரியாதாம். 1948-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, 84-வது வயதில் காலமானார். தாயாரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று உலகெங்கும்

அவர் போட்ட விதை பல நாடுகளில் முளைத்துவிட்டது. மெக்சிகோவில் 1922 முதல் மே 10-ந் தேதி அன்னையர் தினம். தென் கொரியாவில் மே 8-ந் தேதி பெற்றோர் இருவருக்கும் உரிய நாள். அமெரிக்காவில் 1910-ல் தொடங்கிய தந்தையர் தினம் 1972-ல் சட்டமாயிற்று. மே 15-ந் தேதியைச் சர்வதேசக் குடும்ப தினம் என ஐ.நா. சபை 1993-ல் அறிவித்தது. கிராஃப்டன் தேவாலயம் 1962 முதல் அன்னையர் தின நினைவாலயமாக இருக்கிறது.

கடைகளோடு நடத்திய போரில் அன்னா தோற்றார். ஆனால் அவர் கேட்ட காரியம் இன்றைக்கும் செய்யக்கூடியதே. பிழைப்புக்காகப் பிற மாநிலத்தில் இருக்கும் பிள்ளைக்கு, ஊரில் உள்ள தாய்க்கு மாதாமாதம் பணம் அனுப்புவது பழக்கமாகிவிட்டது. பணத்தோடு, தன் கையால் எழுதிய நாலு வரியும் போனால் அந்தத் தாய் அதைத்தான் பத்திரமாக எடுத்து வைப்பாள். அதற்கு மே மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.